தேரடியில் மூணு ஷார்ப்பு

தேரடியைத் தாண்டியதும் எங்கள் பஸ் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பக்கத்து சீட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, நகக்கண்ணில் கிரீஸ். முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டியபடி, "தேரடி ஏ, மூணு ஷார்ப்பு" என்பதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அது?" என்றேன்.

"கீபோர்டு பரீட்சை சார், ராயபுரத்துல, பத்து மணிக்கு. பாஸானாதான் மாதா கோயில்ல வாசிக்க வுடுவாங்கோ. எந்த ஸ்கேலுக்கு எத்தினி ஷார்ப்பு, அதான் கறுப்புக் கட்டைன்னு வேலைக்குப் போற பஸ்லயே மனப்பாடம் பண்ணிகினேன். காத்திவாக்கத்துல சி, ஒண்ணும் கெடையாது. எர்ணாவூர்ல ஜி, ஒண்ணு. ஸ்டாப்புக்கு ஒண்ணு ஏறும்."

"அப்போ அடுத்தது நாலுதானே?"

"நாலுன்னு தெரீது சார். எந்த ஸ்கேலுன்னுதான் வர்ல. அடுத்த ஸ்டாப்பு டோல்கேட் வந்தாதான் வாயில வரும். இந்த பஸ்ஸு நவுர மாட்டேன்னுது, இன்னா பண்றது?"

மணி ஒன்பதே முக்கால். சட்டென்று எழுந்து குதித்து, லாரிகளுக்கு இடையே டோல்கேட்டைப் பார்த்து ஓடினார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

எனக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனாலும் பஸ் தேரடியில் நின்றால் என் வாய் தானாக "ஏ, மூணு" என்கிறது. டோல்கேட்டில் வெறும் "நாலு" என்று சொல்லிவிட்டு, எந்த ஸ்கேல் என்று தெரியாமல் இறங்கிப் போகிறேன்.