நாடியைத் தூக்கு, கையை மடியில் வை

பெண்பிள்ளையைப் படம் எடுக்கும்போது கையை மறைக்கக் கூடாது. இதை நான் எவர் முன்னாலும் சொல்வேன். முறையாகத் தொழில் படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்லலாம், சொல்லிக்கொள்ளட்டும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுபதுகளில் கேரள மலைப்பக்கம் வண்டிப்பெரியாரில் என் வீட்டுக்காரர் ஸ்டூடியோ வைத்திருந்தபோது, அங்கே வந்த பெண்களை நிற்க வைத்ததும் உட்கார வைத்ததும் நான்தான். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். முந்தானையை இழுத்துவிடுவது, தோளைத் திருப்புவது, நாடியைத் தொட்டுத் தூக்குவது எல்லாம் என் வேலை.

அது ஒன்றும் திட்டம் போட்டு வந்ததில்லை. தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிற பெண்களை அந்நிய ஆண் தொட்டுத் திருப்ப முடியுமா? வாயால் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. "கொஞ்சம் இடது பக்கம்" என்பார் இவர். அந்த அம்மா முழுதாகத் திரும்பி முதுகைக் காட்டி நிற்கும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், பின்னால் அடுப்பங்கரையில் இருந்த என்னை, "இந்தா, இங்கிட்டு வா, இவுகள நேரா நிப்பாட்டு" என்று கூப்பிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனேன். பிறகு ஸ்டூடியோ மூடும்வரை அந்த வேலை என்னை விடவில்லை.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஸ்டூடியோ. ஆற்றைப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று. அந்த வெளிச்சம்தான் எங்களுக்கு எல்லாமே. ஒரு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, உள்ளே ஒன்றுமில்லாத ரேடியோப் பெட்டி, எவரும் படிக்காத தடித்த புத்தகம் ஒன்று. சுவரில் முருகன் படம். விளக்கேற்றித் திருநீறு இட்டுக்கொண்ட பிறகுதான் முதல் படம்.

கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக் கேமரா என்றால் எஸ்டேட் ஆபீஸ் மாதிரி. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்பதுபோலவே வந்து நிற்பார்கள். கால் இரண்டும் ஒட்டி, கை பின்னால் போய், நாடி நெஞ்சில் இடிக்கும். அதை உடைக்க நானாகச் சில வழி கண்டுபிடித்தேன். உடம்பின் பாரத்தை ஒற்றைக் காலில் விடச் சொல்வேன். தோள் ஜன்னலைப் பார்க்கட்டும், முகம் மட்டும் திரும்பி வரட்டும் என்பேன். மூச்சை இழுத்து முழுக்க வெளியே விடச் சொல்வேன். கடைசியில், "இன்னைக்கு ஊட்டுல என்ன கொழம்பு?" என்று கேட்பேன். படம் எடுக்கிற இடத்தில் இது என்ன கேள்வி என்று அவர்கள் நினைக்கிற ஒரு கணம் இருக்கிறதே, அப்போது முகம் அவர்களுடைய முகமாகிவிடும். நான் ஒரு விரலைத் தூக்குவேன். கேமரா பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் அவர், ரப்பர்க் குமிழை அமுக்குவார்.

இதெல்லாம் சரி. கை விஷயத்தில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன்.

தேயிலைப் பால் பட்டுப் பட்டு அந்தப் பெண்களின் விரல்நுனி கறுத்திருக்கும். ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் கறை இறங்கியிருக்கும். புளி, எலுமிச்சை, சாம்பல், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம் என்றால் தாய்மார் என் காதில் வந்து சொல்வார்கள், "கை தெரியாம பாத்துக்க தாயி." நானும் மறைப்பேன். முந்தானைக்குள் சொருகுவேன், பூச்சாடிக்குப் பின்னால் வைப்பேன், தடித்த புத்தகத்தைக் கொடுத்து விரல்களை அடியில் மடக்கிவிடுவேன். அந்தம்மா நிப்பாட்டினால் கறுத்த கையும் காணாமல் போய்விடும் என்று லயங்களில் பேச்சு. எனக்கு அதில் பெருமைதான்.

பீர்மேடு போகிற வழியில் உள்ள எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு பெண் வருவாள். அப்போது இருபது வயது இருக்கும். அப்பா இல்லை. அம்மாவும் அவளும் கொழுந்து எடுப்பவர்கள். முதல் தடவை வந்தபோது அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து வேறு இடத்துக்குப் படம் வேண்டும் என்று வந்தபோது பூச்சாடிக்குப் பின்னால் கையை ஒளித்தேன். இரண்டு படமும் பார்க்க நன்றாக இருந்தன.

மூன்றாம் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரலில் நனைந்துகொண்டு வந்தார்கள். அம்மா, மகள், கூடத் தாய்மாமன். தாய்மாமன் கக்கத்தில் ஒரு கறுப்புக் கைப்பை. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸிடம் இரவல் வாங்கி வந்ததாம்.

"தங்கச்சி, ரெண்டு கையாலயும் பையப் பிடிக்கட்டும். வெரலு பைக்குப் பின்னால இருக்கணும். உத்தியோகத்துக்குப் போற புள்ள மாதிரி எடுத்துருங்க" என்றார் அவர் என்னிடம்.

பெண் பையை வாங்கவில்லை.

"நான் பிடிக்க மாட்டேன் மாமா. அந்த நர்ஸக்காவையே உக்கார வச்சு எடுங்க. பை அவுகளோடதுதான, படமும் அவுகளோடதா இருக்கட்டும்."

"வாயப் பாத்தியா! மூணாவது எடம்டி இது!"

"மூணாவது எடம்னுதான் சொல்லுறேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க மொத எடுத்த படத்தப் பாத்துட்டு கம்பத்துலருந்து வந்தாக. படிச்ச புள்ளன்னு நெனச்சு வந்தவுக காப்பித் தண்ணிய வாங்கும்போது என் வெரலப் பாத்தாக. டம்ளர அப்பிடியே வச்சுட்டுப் போயிட்டாக. ரெண்டாவது, தேனிப் பக்கத்துலருந்து வந்தாக. மாப்பிள்ளையோட அக்கா என் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு, சந்தையில கத்திரிக்காயப் பாக்குற மாதிரி. படத்துல வேற மாதிரி இருந்துச்சேன்னுச்சு. படத்துல மறைச்சுட்டு, கையப் பிடிச்சு மணவறையச் சுத்தும்போது இத எங்கக்கா கொண்டு போயி வைக்கிறது?"

அந்த இரண்டு இடமும் கூடிவரவில்லை என்று மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். எதனால் என்று நான் கேட்டதே இல்லை. அவளை இரண்டு தடவை அவமானப்படுத்தியது வந்தவர்கள் மட்டுமா? முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு, அவன் கண் முன்னாலேயே நான் சோடித்த பொய்யும்தானே?

அம்மாக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அது கெடக்கு தாயி, கோவத்துல பேசுது. இதுவும் தட்டிப்போச்சுன்னா லயத்துல தல காட்ட முடியாது. நீ எப்பவும் போல எடுத்துக் குடு."

"தட்டிப்போச்சுன்னா நான் கையக் கழுவிருவேன்" என்றார் தாய்மாமன்.

"கழுவுங்க மாமா. உங்களுக்காவது கழுவுனாப் போகும்" என்றாள் அவள்.

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை ஓரமாக அழைத்தார். "வந்தவுக கேக்குறத எடுத்துக் குடுத்துட்டுப் போவோம். அவுக குடும்ப விவகாரம், நமக்கெதுக்கு?"

"ரெண்டு தடவ கெடுத்தது நம்மதான். மூணாவது தடவையும் நானே கெடுக்கணுமா?"

நான் முருகன் படத்தைப் பார்த்தேன். எத்தனை நகை, எத்தனை மாலை இருந்தாலும் வேல் பிடித்த கையையும் பயப்படாதே என்று காட்டுகிற கையையும் எந்த ஓவியனும் மறைத்து வரைவதில்லை. நாம் கும்பிடுவதே அந்தக் கையைப் பார்த்துத்தான். இத்தனை நாள் அதற்குக் கீழேயே நின்று வேலை செய்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. கைப்பையைத் தாய்மாமனிடமே நீட்டினேன்.

"அண்ணே, இத நீங்க வச்சுக்கங்க. புள்ளைய அது இஷ்டத்துக்குத்தான் எடுப்போம்."

நாற்காலியை ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் சாய்வாகப் போட்டேன். அவள் நுனியில் உட்கார்ந்தாள். பெரியவர்கள் எதிரே நாற்காலியில் சாய்ந்து பழக்கமில்லை. நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்தால் விரலெல்லாம் தானாக உள்ளே மடங்கிக்கொண்டன. மறைத்துப் பழகிய கை.

"கூட நெறையக் கொழுந்து எடுத்துட்டு எறக்கி வச்சு உக்காருவேல்ல, அப்ப கை எப்பிடிக் கெடக்கும்? அது மாதிரிப் போடு."

விரல்கள் மெல்ல விரிந்தன. இடது கை மேல் வலது கை. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. ஒவ்வொரு கறையும் தெரிந்தது.

"சரி, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"கொழம்பு இல்லக்கா. மாமனைத்தான் வறுத்துக்கிட்டிருக்கேன்."

அம்மாக்காரியே சிரித்துவிட்டாள். நான் நாடியைத் தூக்கக் கையை நீட்டினேன். அது தூக்கித்தான் இருந்தது. நீட்டிய கையில் ஒரு விரலை மட்டும் உயர்த்தினேன்.

படத்தைக் கழுவியெடுத்த பிறகு இவர் வழக்கம்போல நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். நெகட்டிவில் லேசாகப் பென்சிலால் தீட்டினால், அச்சில் அந்த இடம் வெளுத்து விழும். எல்லா ஸ்டூடியோவிலும் நடக்கிறதுதான். "விரல மட்டும் லேசா" என்றார். நான் பென்சிலை வாங்கி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அந்தப் படம் போன வேகத்தில் தபாலில் திரும்பி வந்தது. பெண் துணிச்சல்காரியாகத் தெரிகிறாள், எங்கள் வீட்டுக்குத் தோதுப்படாது என்று இரண்டு வரி. யாரும் நேரில்கூட வரவில்லை. தாய்மாமன் மாடியேறி வந்து அதை எங்கள் மேஜையில் எறிந்தார்.

"சந்தோசமா தங்கச்சி? ஒரு புள்ள வாழ்க்கைய வச்சு வெள்ளாடிட்டீகள்ல?"

பயமில்லை என்று சொன்னால் அது பொய். எனக்கும் ஒரு மகள் இருந்தாள். நான் சரியென்று செய்தது அந்தப் பெண்ணுக்குக் கேடாக முடிந்துவிடுமோ என்று பல நாள் விளக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவளுக்கு ஒரு நல்ல வழி காட்டு என்றுதான் வேண்டினேனே தவிர, செய்ததை மன்னித்துவிடு என்று ஒரு நாளும் வேண்டவில்லை.

அடுத்த ஞாயிறு அவளே வந்தாள், படத்தை வாங்கிப்போக.

"காப்பி போட வச்சுட்டு வேணாம்னு சொல்றவுகளுக்கு, வராமயே சொன்னவுக தேவலக்கா. எங்கம்மாவுக்கு வேல மிச்சம்" என்றாள். பிறகு படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இனி இதத்தான் அனுப்புவோம். வேற எடுக்க வர மாட்டேன்."

அந்த ஸ்டூடியோவில் படம் எடுத்தால் கல்யாணம் கூடிவராது என்று தாய்மாமன் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். கொஞ்ச காலம் பெண்கள் வரத்து குறைந்தது. வந்த ஒன்றிரண்டு பேரும் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். அதைப் பரணில் போட்டாயிற்று என்றேன். ஒருத்தி கோபித்துக்கொண்டு வேறு ஸ்டூடியோவுக்குப் போனாள். போகட்டும் என்று விட்டேன். இவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மேலே ஏறிப் புத்தகத்தை எடுத்துத் தரவும் இல்லை.

அடுத்த வருஷம் பீர்மேடு பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிற பையனுக்கு அதே படம் போயிற்று. பையனும் அவன் அம்மாவும் ஜீப் ஏறி வந்தார்கள். நாள் எப்போது வைக்கலாம் என்றுதான் கேட்டார்களாம். அம்மாக்காரி பிற்பாடு என்னிடம் அதிசயமாகச் சொன்னாள், "கையப் பாக்கவே இல்ல தாயி. அதான் மொதல்லயே பாத்தாச்சே!"

கல்யாணம் முடிந்து மாலையோடு நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். தாய்மாமனும் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து ஒரு மூலையில் நின்றார். ஜோடிப் படம் என்றால் அந்தக் காலத்தில் ஒரே முறைதான். ஆம்பிளை உட்காருவான், பொம்பிளை பக்கத்தில் நிற்பாள்.

"இன்னொரு நாற்காலி இல்லையாக்கா?" என்றாள் அவள்.

இல்லை. கீழே பலசரக்குக் கடைக்குப் போய், "சேட்டா, ஒரு ஸ்டூல் தரணே" என்று மலையாளத்தில் கேட்டு நானே தூக்கிக்கொண்டு படியேறினேன். தாய்மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் சாய்ந்து உட்கார்ந்து கையை மடியில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளைதான் பெரட்டில் நிற்கிற மாதிரி விறைத்துப்போய், நாடியை நெஞ்சில் குத்திக்கொண்டு இருந்தான். தலையைத் தூக்குங்க தம்பி என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு நூல்கூட அசையவில்லை. நான் போய்த் தொட முடியுமா? எத்தனையோ நாடியைத் தூக்கிய கை, அந்நிய ஆம்பிளை என்பதால் பாதியில் நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். கையை நீட்டி, கறுத்த விரல்நுனி இரண்டால் அவன் நாடியைத் தூக்கினாள். "நிமிந்து பாருங்க. இங்க யாரும் நம்ம பேரக் கூப்பிடப் போறதில்ல."

அவன் சிரித்துவிட்டான். என் விரல் தானாக மேலே போனது. இவரும் அமுக்கிவிட்டார்.

"இது என்ன கூத்து? ஒழுங்கா ஒண்ணு எடுங்க!" என்று தாய்மாமன் சத்தம் போட்டார். அவருக்காக முறைப்படி இன்னொன்று எடுத்துக் கொடுத்தோம். அதைத்தான் அவர் வீட்டுச் சுவரில் மாட்டினார்.

விரல் நாடியைத் தொடுகிற படத்தை அவளிடமும் அவனிடமும் கேட்டுக்கொண்டு, கீழே படிக்கட்டு வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் நடுவாக வைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கிற எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். தாய்மாமன் மட்டும், மழை முகத்தில் அடித்தாலும் பரவாயில்லை என்று ஆற்றுப் பக்கம் திரும்பி நிற்பார். ஸ்டூடியோ மூடுகிறவரை அந்தப் படத்தை நான் இடம் மாற்றவில்லை.