சீர் கொண்டு வந்த ஊர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி என்னைத்தான் எழுதச் சொன்னார் அத்தான். அக்காவோடு அதிகம் சண்டை போட்டவள் நான் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சண்டையை மறைத்துவிட்டு எழுதினால் அக்காவே சிரிப்பார். அதனால் மறைக்கவில்லை.

அக்கா பிறந்தது திருக்காட்டுப்பள்ளிக்கு அருகில், காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். அப்பா குத்தகைக்கு நிலம் வைத்துப் பயிர் செய்தவர். ஆண் வாரிசு இல்லை, நாங்கள் இரண்டு பெண்கள்தான். தண்ணீர் வராத ஆண்டுகளில் குத்தகை நெல்லை அளக்கவே அப்பா திண்டாடுவார். அந்த நிலையிலும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் அக்கா. சரித்திரம் படித்து, பி.எட். முடித்து, அரசுப் பள்ளி ஆசிரியரானார். தன் சம்பளத்தில்தான் என்னையும் பி.எட். வரை படிக்க வைத்தார். நன்னிலம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கடைசியில் அங்கேயே ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்து சேர்ந்தார்.

அக்கா பொறுப்பேற்றபோது அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் மாறுதலில் போய்விட்டார், புதியவர் வரவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் பாட வேளையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தற்காலிக ஆசிரியர் தேவை என்று அறிவிப்பு ஒட்டினார் அக்கா. எப்போதாவது பஸ் வரும் ஊருக்கு, நிரந்தரமில்லாத வேலைக்கு யார் வருவார்கள்? ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் என்னைக் கேட்டார். நான் கணக்கில் பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியவள். திருவாரூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, அரசுப் பணிக்காகக் காத்திருந்தேன். காத்திருப்போர் சங்கத்திலும் பொறுப்பில் இருந்தேன்.

"நீ வந்துடுடி. உன் பாடம், உன் அக்கா ஸ்கூல். என்ன கொறச்சல்?"

"நிரந்தரம்னா நாளைக்கே வர்றேன்க்கா. தற்காலிகம்னு கூப்பிட்டா வரமாட்டேன். நாங்க எல்லாரும் இப்படி வந்து ஒப்பேத்திக் குடுத்தா, அரசாங்கம் எதுக்கு எங்களை நிரந்தரமா எடுக்கப் போவுது?"

அக்கா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நான் சொன்னது சரி என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஆண்டு குறுவை அறுவடை நல்லபடியாக முடிந்ததும் ஊர் மக்கள் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டு வந்தார்கள். நம் பக்கத்தில் இப்போது பல ஊர்களில் நடக்கிற வழக்கம்தான். நாகஸ்வரம் முன்னே போக, பெண்கள் தட்டேந்தி வர, பின்னால் டிராக்டரில் நாற்காலி, மின்விசிறி, பீரோ, சுவர்க் கடிகாரம். வாசலில் நின்று எல்லாவற்றையும் கைகூப்பி வாங்கிக்கொண்ட அக்கா, மைக்கைப் பிடித்து, "எல்லாம் கொண்டாந்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம். கணக்கு டீச்சர்தான் இல்ல. அடுத்த தடவை அதையும் ஒரு தட்டுல வச்சுக் கொண்டாந்துடுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் அதைச் சிரிப்போடு விட்டுவிடவில்லை. அடுத்த வாரமே மறுபடியும் நாகஸ்வரச் சத்தம் கேட்டது. அக்கா வெளியே வந்து பார்த்தால், வெற்றிலை பாக்கு, வாழைப்பழத் தட்டுகளுக்கு நடுவே பட்டுப்புடவையில் ஒரு பெண் தலை குனிந்து நடந்து வந்தாள். அந்த ஊர் மருமகள் சுகந்தி. பொறியியல் பட்டதாரி, கணவர் சிங்கப்பூரில். அவளுடைய மாமியார் ஏந்திய தட்டில் பட்டச் சான்றிதழ், அதன் மேல் மஞ்சள் கிழங்கு!

"நீங்க கேட்டீங்கல்ல டீச்சர், இந்தாங்க" என்றாராம் அந்த அம்மா.

அன்று மாலை அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சிரிப்பும் தவிப்புமாக ஒரு குரல்.

"விளையாட்டாச் சொன்னேன்டி. கூட்டிக்கிட்டே வந்துட்டாங்க. சீரா வந்ததைத் திருப்பி அனுப்புனா ஊரையே அவமானப்படுத்துன மாதிரி ஆயிடாது?"

"பி.எட். இருக்கா?"

"இல்ல."

"அப்ப திருப்பி அனுப்பு. ஊசி போடத் தெரியும்னு யாராவது வந்தா ஆஸ்பத்திரியில விட்டுடுவாங்களா?"

"டாக்டரே வரலைன்னா நோயாளி என்னடி பண்ணுவான்? மரத்தடியில உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்கு நீ ஒரு வழி சொல்லு, அனுப்பிடறேன்."

என்னிடம் வழி இல்லை. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் வாதாடினோம். அத்தான் நடுவில் வந்து தட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் ஓய்ந்தோம்.

அக்கா மேலதிகாரிகளுக்கு எழுதி அனுமதி கேட்டார். பதில் வரும்வரை சுகந்தியைத் தனியாக வகுப்பில் விட மாட்டேன் என்று, கணக்குப் பாட வேளை முழுவதும் தானே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பயிற்சி இல்லாததன் குறை முதல் வாரத்திலேயே தெரிந்தது. சுகந்தி கல்லூரியில் நடத்துகிற வேகத்தில் கரும்பலகையை நிரப்பி அழித்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தார்கள், கேட்கப் பயம். கடைசி பெஞ்சிலிருந்து அக்கா கையைத் தூக்கினார்.

"எனக்குப் புரியல டீச்சர். இன்னொரு தடவை சொல்லுங்க."

தலைமையாசிரியருக்கே புரியவில்லை என்றதும் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. மெல்ல மெல்லப் பல கைகள் உயர்ந்தன. சுகந்தியும் நிதானத்துக்கு வந்தாள். அக்காவுக்குக் கணக்கு சின்ன வயதிலிருந்தே ஆகாது, அதனால் அவர் தூக்கிய கைகளில் பாதி நடிப்பு இல்லை என்று நான் கேலி செய்வதுண்டு. அந்தப் பத்தாம் வகுப்பில் கணக்கில் யாரும் கோட்டை விடவில்லை. அக்காவும் எழுதியிருந்தால் தேறியிருப்பார்.

இதற்கிடையில், தகுதி இல்லாதவர்களைப் பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் சங்கம் மனு கொடுத்தது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. விசாரிக்க ஓர் அதிகாரி அக்காவின் பள்ளிக்கு வந்தார். மனுவைப் பார்த்த அக்கா, "இது என் தங்கச்சி கையெழுத்து சார். அவ கேக்கறது நியாயம்தான்" என்றாராம். நல்ல மனிதரான அந்த அதிகாரி ஒரு யோசனை சொன்னார். பணியிடம் நிரம்பிவிட்டதாகக் காட்டிவிடலாம், கேள்வி எதுவும் வராது.

"வேணாங்க சார். இந்தப் பொண்ணு உதவிக்கு வந்திருக்கு. இடம் காலிதான். காலின்னே இருக்கட்டும். முறையா ஒருத்தரைப் போடுங்க. அன்னைக்கு இவளை மேளதாளத்தோட நானே வீட்டுல கொண்டுபோய் விடறேன்."

உறவினர்களே, எங்கள் சங்கத்தில் இத்தனை ஆண்டு கோஷம் போட்டு நாங்கள் கேட்டது அதுதான். இருக்கிற ஆளை வைத்துக் காலியிடத்தை மூடி மறைக்காதீர்கள் என்பதுதான். அக்கா எனக்கு விரோதமாகப் போகிறார் என்று குமுறிக்கொண்டிருந்தேன். அவரோ பிள்ளைகளையும் கைவிடாமல், எங்களுக்கான இடத்தையும் விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்கிறார். கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவரிடம், "அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிடாது" என்றேன். "தெரியும் போடி" என்றார்.

அடுத்த ஆண்டு முறையான கணக்கு ஆசிரியர் வந்து சேர்ந்தார். அக்கா சொன்ன சொல் தவறவில்லை. நாகஸ்வரம் வைத்து, தட்டில் புடவை பழம் வைத்து, பிள்ளைகள் புடைசூழ சுகந்தியை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டு வந்தார். விடைபெறும்போது "பி.எட். சேர்ந்துடு, எவளும் உன்னைக் கேள்வி கேக்கக் கூடாது" என்று காதில் சொன்னாராம். அந்த 'எவளும்' நான்தான். சுகந்தி சேர்ந்தாள், முடித்தாள். தகுதித் தேர்விலும் தேறிவிட்டாள். இப்போது எங்கள் சங்கத்தில் சந்தா கட்டிய உறுப்பினர், போராட்டப் பந்தலில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள். எங்கள் இருவருக்கும் பணி வரும், வந்தே தீரும்.

ஓய்வு பெறும் முன்பே அக்காவை நோய் பிடித்துக்கொண்டது. தஞ்சாவூரில் இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த அத்தானுக்கும், விடுப்பெடுத்து வந்து கூடவே இருந்த மகளுக்கும், ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், காரியங்கள் முடியும்வரை அடுப்பு மூட்ட விடாமல் சமைத்து அனுப்பிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

அக்காவை எடுத்த அன்று, பிறந்த வீட்டார் புதுச்சேலை போர்த்திக் கோடி போடும் நேரம். அண்ணன் தம்பி இல்லாத எங்களுக்காகப் பெரியப்பா கோடிச் சேலையோடு வந்திருந்தார். அப்போது வாசலில் வேன்கள் வந்து நின்றன. அக்காவின் பள்ளி இருந்த ஊர்ப் பெண்கள் இறங்கினார்கள். முன்னால் சுகந்தி, கையில் தட்டு, தட்டில் ஒரு கோடிச் சேலை. பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"மாலை போடுங்கம்மா, வேணாங்கல. கோடி பொறந்த வீட்டுக்காரங்கதான் போடணும். நீங்க எந்த முறையில போடுவீங்க?"

சுகந்தி தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முறை, தகுதி என்று காலமெல்லாம் பேசுகிறவள் நான்தானே.

அக்காவின் தலைமாட்டிலிருந்து எழுந்துபோய் சுகந்தியின் கையைப் பிடித்தேன்.

"சீர் கொண்டாந்தது இவங்கதான் பெரியப்பா. கோடியும் இவங்கதான் கொண்டாரணும். நீ வாம்மா, போடு."