ஒன்பது இடத்துக்கு ஒரே எண்

அமுதவள்ளி கேரி தீவில் பிறந்தவள். நிலவியல் படித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறி, இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை பார்க்கிறாள்: கடலுக்கடியில் இன்னும் யாரும் துளை போடாத இடங்களில் எரிவாயு எவ்வளவு இருக்கலாம் என்று மதிப்பிடுவது. கிள்ளானில் இருக்கும் சித்தி சீதாலெட்சுமிக்கு இதை விளக்கி மாளவில்லை. "அதெல்லாம் சரி, கேஸ் தோங் வெல எப்ப எறங்கும்?" என்பார், அடுப்படி சிலிண்டரைக் காட்டி. சித்தியை மன்னித்துவிடலாம்.

லோகனை எப்படி மன்னிப்பது? ஆறு வயது இளையவர், அவளுக்கு மேலாளர்.

அவள் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று எண் தருவாள்: குறைந்தது, நடுவில், மிஞ்சிப்போனால். இந்த முறை ஒன்பது இடங்கள். லோகன் அந்த 'மிஞ்சிப்போனால்' எண்கள் ஒன்பதையும் கூட்டி, நாட்டில் இன்னும் கண்டுபிடிக்காத எரிவாயு இவ்வளவு என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. மூன்று மணிக்கு அறிக்கை அமைச்சுக்குப் போக வேண்டும்.

"இத கூட்டக் கூடாது லோகன். ஒன்பதுலயும் ஒண்ணா அதிர்ஷ்டம் அடிக்காது. பாதி காஞ்சு கெடக்கும்."

"நானா கூட்டுனேன்? எக்ஸல்தானக்கா கூட்டுச்சு."

"ஒன்பது வீட்டுக்குப் பத்திரிக வைக்கிறீங்க. மிஞ்சிப்போனா வீட்டுக்குப் பத்துப் பேரு. தொண்ணூறு எல போடுவீங்களா?"

"நூறு போடுவேன் லா! பத்தலன்னா அசிங்கமில்ல?"

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இத நம்பிக் குழாய் போடுவாங்க. வாயு வரலன்னா யாரத் திட்டுவாங்க? கையெழுத்துப் போட்டவளத்தான்."

"அப்ப நீங்களே ஒரு நம்பர் குடுங்க. மேல உள்ளவங்க மூணெல்லாம் படிக்க மாட்டாங்க."

"ஒண்ணு தெரிஞ்சா குடுக்க மாட்டேனா? தெரியாததாலதானே மூணு!"

பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். லோகன் கையெழுத்து இடத்தைக் காலியாகவே விட்டு அறிக்கையை அனுப்பினார். நாலரைக்கு அவள் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. மதிப்பீடு செஞ்சவங்க கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டாங்களாம். உங்க கணக்கையே போட்டுடுறேன், சைன் பண்ணுங்க."

ஒன்பது இடங்களையும் ஒன்றாக வைத்து, கணினியில் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்த கணக்கு அவளிடம் இருந்தது. மொத்தத்துக்கும் மூன்றே எண்கள். அதை முதல் பக்கமாக்கிக் கையெழுத்திட்டாள். லோகன் குனிந்து பார்த்தார்.

"ஓகே. இதுல எதக்கா பெருசாப் போடுறது?"

"மூணையும்" என்றாள் அமுதவள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு.