பாறையடியில் திறந்த கூண்டு

அந்தக் குரங்குகளைக் காட்டில் விடவில்லை.

விட்டதாகச் செய்தி எழுதியவன் நான். முதலில் எழுதினேன், பிறகுதான் பார்த்தேன். பார்த்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இந்த வரிசையை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் குற்றம் முழுவதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

நான் செஞ்சியில் ஒரு நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்ப் பக்கங்கள் மதியத்துக்குள் முடிந்துவிடும். அதனால் மாலையில் நடக்கப்போகும் நிகழ்ச்சியைக் காலையிலேயே எழுதி அனுப்பிவிடுவோம். அதிகாரி ஆய்வு செய்தார்... தலைவர் மரக்கன்று நட்டார்... மழை வந்து நிகழ்ச்சி நின்றுபோனால், ஒரு போன் செய்து செய்தியை எடுத்துவிடச் சொல்வோம். பெரும்பாலும் மழை வராது. பெரும்பாலும் அதிகாரி வந்துவிடுவார். அதனால் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

கோட்டையிலிருந்து எப்போதோ இறங்கிய குரங்குகள் கடைத்தெருவில் நிலையாகத் தங்கிவிட்டன. பழக்கடையில் சீப்போடு இழுத்துக்கொண்டு ஓடின. மாடியில் துணி காயவைக்கப் போன ஒரு பெண் அவற்றுக்குப் பயந்து படியில் உருண்டு இடுப்பொடிந்தாள். வியாபாரிகள் மனுமேல் மனு கொடுத்தார்கள். கடைசியில் பிடிப்பதற்கு அனுமதி வந்தது. அனுமதியில் நிபந்தனைகள் தெளிவாக இருந்தன: பிடித்த விலங்குகளைக் காப்புக்காட்டின் உட்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும், வனத்துறை அதிகாரி ஒருவரின் முன்னிலையில் விட வேண்டும்.

பிடித்தவற்றைக் கொண்டுபோகும் நாளன்று காலையே நான் எழுதி அனுப்பிவிட்டேன். ‘வனத்துறையினர் முன்னிலையில் அடர்ந்த காட்டுக்குள் விடப்பட்டன. பொதுமக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.’ வனத்துறை அலுவலக வாசலில் கூண்டின் மேல் கைவைத்து அதிகாரி நின்ற படமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் வேலை அத்தோடு முடிந்திருந்தது. ஆனாலும் ஆசை... கூண்டு திறந்ததும் குரங்குகள் மரத்துக்குத் தாவும் ஒரு படம் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு ஆகுமே என்று கூண்டுகள் ஏற்றிய வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். ஏறாமல் இருந்திருக்கலாம்! ஏறாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் நான் ஒன்றும் அறியாதவனாக இருந்திருப்பேன். அது என்ன மாதிரியான ஆசை, பார்த்தீர்களா? உண்மை தெரியாமல் இருந்திருக்கலாமே என்று ஏங்கும் செய்தியாளன்!

வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் அதிகாரிக்கு ஒரு அழைப்பு வந்தது. மேலிடத்தில் அவசரக் கூட்டம். நாற்சந்தியில் இறங்கிக்கொண்டார். குரங்கு பிடிக்கும் சேகரிடம், “நீ போய் வுட்டுட்டு வந்துடு” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “ரிப்போர்ட்டர் சாரே கூட வர்றாரே... அப்புறம் இன்னா?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நொடியில் அரசாங்கத்தின் கண்காணிப்பு என்பது வண்டியில் நான் ஒருவன் மட்டும்தான். எனக்கு அது புரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வெயில் கொதித்தது. கூண்டுகளுக்குள் குரங்குகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. சேகர் வேடிக்கையாகப் பேசிக்கொண்டே ஓட்டினான். “அதோ, அரைவால் இருக்குது பாருங்க, அதான் சார் கட்சித் தலைவி. எலக்‌ஷன்ல நின்னா டெபாசிட் வாங்கிடும்.” அரைவால் குரங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. நான் சிரித்தேன்.

தொண்டூர்ப் பக்கம் போகும் சாலையில், ஒரு கிராமத்துக்குப் பின்னால், வண்டி மண்பாதையில் திரும்பியது. அங்கே ஒரு பாறைக்குன்று. நம் பக்கத்துக் குன்றுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ உருண்டைக் கற்களைக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். இடுக்குகளில் கொஞ்சம் முள், கொஞ்சம் சப்பாத்திக்கள்ளி. பழமரம் ஒன்றுமில்லை. வெயில் காலத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது காடே அல்ல, வருவாய்த்துறைப் புறம்போக்கு. குன்றின் அடியிலிருந்தே கொல்லைகள், பயிர் நிலங்கள், தொடங்கிவிடும்.

“இங்கயா?” என்றேன்.

“காப்புக்காட்டுக்குப் போறதுக்குள்ள பாதி செத்துடும் சார். செத்தா என் தலையில விடியும். இதுவும் மலைதான, குரங்குக்கு இன்னா தெரியப்போவுது?”

கூண்டைத் திறந்தான். நான் போனை உயர்த்தினேன். “போட்டோ வாணாம் சார்” என்றான். குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

குரங்குகள் எதன் மேலும் தாவவில்லை. பாறையில் ஏறி உட்கார்ந்தன. உட்கார்ந்து, எல்லாம் சேர்ந்து, கீழே இருந்த ஊரைப் பார்த்தன. சத்தமே இல்லை.

திரும்பும் வழியில் நேரம் இருந்தது. ஒரு போன் போதும். ‘அந்தச் செய்தியை எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னால் போதும். ஏன் சொல்லவில்லை? சொன்னால், நடக்காததை முன்னாலேயே எழுதினேன் என்பது தலைமையகத்துக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தெரியாததுபோல இருப்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை உடைப்பவனாக இருக்க எனக்குத் தைரியமில்லை. மறுநாள் செய்தி வந்தது. நீங்கள்கூடப் படித்திருக்கலாம்.

அந்தக் குரங்குகளுக்குப் பாறை தெரியும், ஆனால் காடு தெரியாது. கடைத்தெருவில் பிறந்தவை. அவற்றுக்குத் தெரிந்தது கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், மனிதன் கையிலிருக்கும் பை. அவை கீழே இறங்கின. முதல் கொல்லை ஏழுமலையுடையது.

ஏழுமலையை விவசாயிகள் குறைகேட்புக் கூட்டத்தில் பார்த்தேன். மெலிந்த, உரக்கப் பேசும் ஆள். மல்லாட்டை, நிலக்கடலைதான், பிஞ்சு வைத்திருந்த நேரம். செடியோடு பிடுங்கி, தின்றது பாதி, எறிந்தது பாதி என்றார். வருவாய்த்துறை, குரங்கு எங்களுடையதல்ல என்றது. வனத்துறை, குன்று எங்களுடையதல்ல என்றது. “செஞ்சியில பிடிச்சதைக் கொண்டாந்து இங்க வுட்டுட்டாங்க” என்று அவர் கத்தினார். உடனே வனத்துறை அதிகாரி ஒரு கோப்பைப் புரட்டி, அதில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

என் செய்தி.

“காட்டுல வுட்டாச்சுய்யா. பேப்பர்லயே வந்திருக்குது.”

ஏழுமலை செய்தியாளர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். “யாரு சார் எழுதினது? அப்ப எங்க கொல்லையில உக்காந்துனு இருக்குறது இன்னா? எங்க மாமனாரு ஊட்டு ஆளுங்களா?”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? ‘கூட்டத்தில் சிரிப்பலை’ என்று தலைப்பிட்டு ஒரு பெட்டிச் செய்தியும் எழுதினேன்! குரங்கைப் பிடிக்க அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. அந்த இடத்தில் குரங்குகள் விடப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. வேறு இடத்தில் விடப்பட்டதற்கு ஆதாரம் இருக்கிறது. அரசாங்கம் தன் கண்ணால் பார்க்கவில்லை. என் கண்ணால் பார்த்ததாக நம்பிக்கொண்டது.

கூட்டம் முடிந்து டீக்கடையில் என்னைப் பிடித்தார். கோபமில்லை. “ஒரு வாட்டி வந்து பாத்துட்டு எழுதுங்க சார். கண்ணால பாத்தா உங்களுக்கே தெரியும்.”

“வர்றேன்” என்றேன்.

அவரோடு நான் போகவில்லை. அவலூர்பேட்டையில் ஒரு செய்தி சேகரித்துவிட்டு வேண்டுமென்றே அந்த வழியாகத் திரும்பினேன். வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன். பொழுது சாயும் நேரம். பாறைமேல் அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன, காத்திருப்பவைபோல. கொல்லையைச் சுற்றி முளைக்குச்சிகள் நட்டு, முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கம்பி ஓடியது. கம்பியின் ஒரு முனை மோட்டார் கொட்டகைக்குள் போனது.

அது எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. மின்வேலியில் சிக்கி இறந்தவர்களைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இறங்கி, “ஏழுமலை, இதை அவுத்துடுங்க, வம்பு” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் திருப்பிக் கேட்பாரே... ‘அப்ப குரங்குக்கு இன்னா பதில் சார்?’ என்று. அந்தக் கேள்விக்குப் பயந்து வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

அடுத்த வாரம் கம்பி தன் வேலையைச் செய்தது. தகவல் வந்து நான் போனபோது, சாக்கின் மேல் இரண்டு குரங்குகள் கிடத்தப்பட்டிருந்தன. ஒன்றுக்கு அரைவால். அதை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அங்கிருந்த கூட்டத்தில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். ஏழுமலையை நடுவில் நிறுத்தி, இருபுறமும் அதிகாரிகள் நின்றார்கள். அந்தக் குன்றில் குரங்கே விடவில்லை என்று சொன்ன அதே அலுவலகம், அந்தக் குன்றின் குரங்கைக் கொன்றதாக அவரைக் கைது செய்தது.

நான் படமெடுத்தேன். “கொஞ்சம் நிமிந்து பாருங்க” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்தார். “சார், கடைசில வந்துட்டீங்க” என்றார்.

அன்று எழுதிய செய்தியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இடம், பெயர், வயது, சட்டப்பிரிவு எல்லாம் சரி. என் வாழ்நாளில் அத்தனை துல்லியமாக நான் எழுதியதில்லை.

அவருடைய மனைவி வசந்தா என்னைத் தேடி வந்தது ஜாமீன் மனு தள்ளுபடியான பிறகு. கையில் நான் எழுதிய செய்தி இல்லை, கோபம் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் இருந்தது. கூண்டு வண்டி ஊருக்குப் பின்னால் வந்ததை, திறந்துவிட்டதைப் பார்த்த ஒரு ஆள் சாட்சி சொன்னால் வழக்கின் போக்கே மாறிவிடும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வண்டி போன தடத்தை ஊரில் சிலர் பார்த்திருக்கிறார்கள். திறந்ததை யாரும் பார்க்கவில்லை. உச்சி வெயில், கொல்லையில் ஆளில்லை.

“பேப்பர்ல ஒரு சின்னதா போடுங்க சார். பாத்தவங்க யாராச்சும் இருந்தா வந்து சொல்லட்டும். அவரு ஆரையும் கெடுக்கல சார். பயிரத்தான் காப்பாத்தப் பாத்தாரு.”

அவள் உட்காரக்கூட இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்... நான்தான் அம்மா அந்த ஆள், வா, வக்கீலிடம் போகலாம் என்று. நாக்கு நுனிவரை வந்தது. வந்தது வெளியே வரும்போது, “போடுறேம்மா” என்றாகிவிட்டது.

போட்டேன்! நம்புவீர்களா? போடாமல் ஏமாற்றியிருந்தால்கூட மன்னிப்புக்கு ஏதாவது இடம் இருந்திருக்கும். ‘வாகனத்தைப் பார்த்தவர்கள் தகவல் தெரிவிக்கலாம்’ என்று, நாலு வரி, அவள் போன் எண்ணோடு. யாரை அழைத்து அந்தச் செய்தி எழுதப்பட்டதோ, அவன்தான் அதை எழுதி, பிழை திருத்தி அனுப்பினான்.

எனக்கு வேலை போகும். ஊரில் எந்த அலுவலகத்திலும் நாற்காலி போடமாட்டார்கள். பொய்ச்செய்தி எழுதியதாக என் மேலேயே வழக்கு வரலாம். இவையெல்லாம் காரணங்கள்தான். ஒருவர் சிறையில் இருப்பதற்கு எதிரே இவற்றை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே கூசுகிறது. கூசியபிறகும் மறுநாள் காலையில் செய்தி சேகரிக்கக் கிளம்பிவிடுகிறேன்.

இதை எழுதும்போதும் பாருங்கள்... என் பெயரைப் போடவில்லை. எந்தப் பத்திரிகை என்று சொல்லவில்லை. அந்த ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். நீங்கள் இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் இது ஒரு காகிதமாகக்கூட ஆகாது. அதற்கேற்றபடிதான் எழுதியிருக்கிறேன் என்பது இந்த வரிக்கு வந்தபோதுதான் எனக்கே தெரிகிறது.

ஒவ்வொரு வாய்தாவுக்கு முன்னும் வசந்தா கூப்பிடுகிறாள். நேற்றும் கூப்பிட்டாள். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் இப்போது கம்பி கட்டிவிட்டார்களாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லையாம். குரங்குகள் இன்னும் பாறையில்தான் இருக்கின்றன, குட்டிகள் போட்டிருக்கின்றன.

“உங்களுக்கு யாராச்சும் போன் பண்ணாங்களா சார்?”

“இல்லம்மா.”

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“அந்த ஆளு பேப்பர் படிச்சிருப்பாரு இல்ல சார்?”

“படிச்சிருப்பாரும்மா” என்றேன்.