துரை கைநீட்டி வாங்கிய பழம்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய பங்களாவில் சமையல் செய்த செல்லசாமிக்கு எழுத்து வாசனை கிடையாது. பதினாறு வயதில் விறகு பிளக்க வந்தவர் பாத்திரம் கழுவி, கோழி உரித்து, கடைசியில் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பெண்சாதியான அந்தக் காலத்துத் துரைசானி தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவாள். அவள் பக்கத்தில் நின்று ஒரு தடவை செய்து காட்டினால் போதும், செல்லசாமியின் கை பிடித்துக்கொள்ளும். வாயால் அளவைச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷத்தில் நூறு பலகாரத்தை மனதில் வைத்திருந்தார். தமக்கென்று சமைத்தது மட்டும் சோறும் ஒரு கருவாட்டுக் குழம்பும்தான்.

அந்த நூற்றில் பங்களாவுக்கு வந்த விருந்தாளிகள் வாய்விட்டுக் கேட்டது எலுமிச்சைக் கிரீமை. மாட்டுப்பட்டியிலிருந்து வரும் பாலை அகன்ற தட்டுகளில் ஊற்றி இரவு முழுக்கக் குளிரில் வைத்தால் காலையில் மேலே கெட்டியாக ஏடு நிற்கும். அதை வழித்து, சீனி போட்டு, மெல்லிய தணலில் கொதிக்கவிட்டு, இருநூறு எண்ணி இறக்கி, எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் கிளற வேண்டும். பிறகு சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி வைத்துவிட்டால் அதுபாட்டுக்கு உறைந்துகொள்ளும். மேலே வைக்கிற தோல்தான் பாடு. வெள்ளைச் சதை ஒட்டாமல் தோலைச் சீவி, தீக்குச்சி அளவுக்கு நறுக்கி, மூன்று தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொட்டி, கசப்பு போனதும் சீனிப்பாகில் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்து போகாதா என்று தங்கச்சி காளியாயி கேட்டாள். பால் திரியும், ஏடு திரியாது என்று இவர் சொன்னார். அவளுக்கு அடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த ராக்காயிக்கு வாய் சும்மா இருக்காது.

“தோலைத் தின்னுதான் அவங்க வெள்ளையா இருக்காங்க. நாம சாறைக் குடிச்சு இப்படிக் கறுத்துப் போனோம்” என்றாள்.

செல்லசாமிக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. கட்டியவள் முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். அவருக்கு உறவு என்றால் காளியாயி வீடுதான். அவள் புருஷன் இராமையா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், வாயில்லாதவன். அவர்கள் மகள் சண்முகவடிவுக்கு அப்போது பதினொரு வயது. பங்களாவுக்குப் பின்னால் இருந்த அறையில் அவர் ஒற்றை ஆளாகப் படுத்துக்கொண்டாலும், ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் பங்களா வேலை ஒழிந்தால் ஒரு மைல் இறங்கி லயத்துக்கு வந்துவிடுவார். அந்த வீட்டில் எதைச் செய்தாலும், ஆட்டுக்குட்டி வாங்குவதென்றாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதென்றாலும், அண்ணன் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மழையில் இராமையாவின் காம்பராக் கூரை உள்ளே சரிந்தது. இரண்டு தடவை ஆபீசில் சொல்லியும் ஒருவரும் வரவில்லை. முட்டுக் கொடுக்க ஆற்றோரத்துத் தைல மரக்கன்று ஒன்றை அவன் வெட்டிவிட்டான். தோட்டத்து மரத்தில் கைவைத்த குற்றத்துக்கு வேலையிலிருந்து நீக்கிப் பத்துச்சீட்டுக் கொடுத்தார்கள். புருஷனுக்குச் சீட்டு என்றால் பெண்சாதிக்கும் சேர்த்துத்தான். ஒரு மாதம் கழித்து வரும் திங்கட்கிழமை காலையில் காம்பராவைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கே போவது? அந்தக் காலத்தில் சீட்டு வாங்கி வந்த ஆளை இன்னொரு தோட்டம் இலேசில் சேர்த்துக்கொள்ளாது. தேடி அலைந்ததில், மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்த இராமையாவின் தூரத்துச் சொந்தம் அழகுமுத்து ஒரு வழி சொன்னார். அவருடைய தோட்டத்தில் ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டதால் காம்பரா ஒன்று காலி. அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைப்பதற்குள் வந்து சேர்ந்தால் அது இவர்களுக்கு. இல்லையென்றால் கேட்டுக்கொண்டிருக்கிற வேறு ஆட்களுக்கு.

பிறந்து வளர்ந்த லயத்தை விட்டுப் போகக் காளியாயிக்கு மனமில்லை. புதுத் துரையிடம் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டது சீமைக்குப் போய்விட்ட பழைய துரை. புதியவர் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பங்களாவுக்குள் அண்ணனே இருக்கும்போது என்ன பயம் என்றாள் ராக்காயி. செல்லசாமி துரையோடு பேசியதே கிடையாது, அவருக்குப் பேச்சு எல்லாம் துரைசானியோடுதான் என்பது லயத்தில் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

லயத்தில் இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தால் தப்புச் செய்தவன் மற்றவன் கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுப்பான். வாங்கிவிட்டால் சண்டை தீர்ந்தது. மனமில்லாதவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பழைய துரைக்கும் இது நன்றாகத் தெரியும். முதலில் என்ன விஷயம் என்று கேட்பார்; செய்ய இஷ்டமில்லையென்றால் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். பழத்தைத் தொட்டார் என்றால் காரியம் ஆன மாதிரி.

வியாழக்கிழமை காலை இராமையாவும் காளியாயியும் லயத்து ஆட்கள் நாலு பேரும் தட்டில் பழத்தோடு பங்களாப் பின்வாசலுக்கு வந்தார்கள். சமையலறைக் கதவோரம் செல்லசாமி நின்றார். துரை வெளியே வந்தார். இளம் வயது, சிரித்த முகம். ஒருவரும் வாயைத் திறக்குமுன் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் தலையை ஆட்டி, தாம் கற்றிருந்த ஒரே தமிழ்ச் சொல்லான “நல்லம், நல்லம்” என்பதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என்ன விஷயம் என்று இவர் கேட்கவே இல்லையே என்று செல்லசாமிக்கு ஒரு கணம் உறுத்தியது. ஆனால் காளியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இராமையா கும்பிட்ட கையை இறக்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்த பிறகு உறுத்தலை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று சாயங்காலமே அழகுமுத்துவின் ஆள் டிக்கோயாக் கடைக்கு வந்தவன், வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டுப்போக லயத்துக்கு ஏறினான். இராமையா அவனைப் பங்களாப் பின்வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

“மச்சான், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரி.”

செல்லசாமி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, “அதான் தொரை கைநீட்டிப் பழம் வாங்கிட்டாருல்ல. வரலைன்னு சொல்லி அனுப்பு” என்றார்.

இராமையா அப்படியே சொல்லி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுத் துரைசானி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு சமையலறைக்கு வந்தாள். கிண்ணத்தில் அந்தப் பழங்கள். மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள், புடிங் வேண்டாம், எல்லோரும் சொல்கிற அந்த எலுமிச்சைக் கிரீமைச் செய் என்றாள். இந்த ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள், புதிதாக வந்தவர்களுக்கு வீடு தேடி வந்து பழம் கொடுக்கிறார்களே என்றும் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

செல்லசாமி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். தமக்குத் தெரிந்த சமையலறை இங்கிலீசை வைத்துக்கொண்டு, சிஸ்டர், ரூம், பேப்பர் என்று தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். எட்டு பேர் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல அந்த இங்கிலீசு போதும். ஒரு காம்பரா பறிபோவதைச் சொல்ல அதில் சொல் இல்லை. ஆனாலும் துரைசானி கெட்டிக்காரி, விளங்கிக்கொண்டாள். முகம் வாடி உள்ளே போனாள். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தாள். துரைக்கு அந்த வழக்கமே தெரியாது, மரியாதைக்கு வாங்கியிருக்கிறார். அது முடிந்துபோன ஆபீஸ் விஷயம், வந்த முதல் மாதத்திலேயே முந்தின துரையின் கையெழுத்தை மாற்ற முடியாதாம். பாவம் என்று தமிழிலேயே சொன்னாள். அவள் பொய்யாகச் சொல்லவில்லை. பிறகு, பழம் இத்தனை சின்னதாக இருக்கிறதே, தோல் கசக்காதா என்று கேட்டாள்.

இன்னொரு தண்ணீர் கூடக் கொதிக்கவைத்தால் கசக்காது என்று செல்லசாமி சொன்னார்.

ஒரு மணி நேரம் லயத்துக்குப் போய்வர விடச் சொல்லிக் கேட்டார். பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தால் மஸ்கெலியாவுக்கு விளக்கு வைப்பதற்குமுன் போய்விடலாம்; அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமை வேறு பஸ் இல்லை. சொன்னதை மாற்றிச் சொல்லி அழகுமுத்துவின் காலில் விழலாம். துரைசானி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏட்டை இப்போதே காய்ச்சினால்தான் ஒன்றரை மணிக்கு உறையும். கோழி இன்னும் உரிக்கவில்லை. விருந்து முடியட்டும், அப்புறம் நாள் முழுக்கப் போய்க்கொள் என்றாள். பங்களாப் பூந்தோட்டக்காரனையாவது அனுப்பலாம் என்றால் அவன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான். காரியம் இல்லாமல் பங்களாப் பாதையில் ஆள் நடக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். ஜன்னல் வழியாக மூன்று தடவை எட்டிப் பார்த்தார். பாதை வெறுமையாகக் கிடந்தது.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். பின்னாளில் அதைப் பற்றி எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஓடியிருந்தால் அவருக்கும் ஒரு பத்துச்சீட்டு. காளியாயிக்கு அதனால் காம்பரா கிடைத்திருக்குமா என்றால் கிடைத்திருக்கலாம். அன்று அந்த யோசனைக்கே நேரமில்லை என்பதுதான் நிஜம். தோலைச் சீவத் தொடங்கிவிட்டார். கத்தி அது பாட்டுக்குப் போனது. முதல் தண்ணீர் கொதித்தது, கொட்டினார். இரண்டாம் தண்ணீர் கொட்டினார். ஏட்டை இறக்க இருநூறு எண்ணும்போது நடுவில் எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். நாலாம் தண்ணீர் கொட்டிப் பாகு ஏறும் நேரத்தில் கீழ்ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. பாகை விட்டு நகர்ந்தால் கருகிவிடும். கருகவிடவில்லை.

அன்றைக்கு வந்த மாதிரி கிரீம் அதற்குமுன் வந்ததில்லை. தோல் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடித் துண்டு போல மின்னியது. சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்கள். எட்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒரு நரைத்த துரை கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். புதுத் துரைக்கு முகமெல்லாம் பெருமை. “நல்லம், செல்லசாமி, நல்லம்” என்றார்.

இதுதான் நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. விருந்தாளிகளுக்கு முன்னால் வாயைத் திறந்தால் துரையால் மறுக்க முடியாமல் போகலாம். துரைசானியைப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. செல்லசாமி கும்பிட்டுவிட்டுக் காலியான கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

லயத்துக்கு வந்து சேரும்போது மணி நாலரை. காம்பராவில் இராமையா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். இனிமேல் போகப்போவதில்லை என்ற தைரியத்தில் காளியாயி மண்தரையைப் புதிதாக மெழுகியிருந்தாள். ஈரம் காயவில்லை, ஓரமாக வாண்ணே என்றாள். செல்லசாமி வாசல்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். குரலை உயர்த்தாமல், விட்டுவிடாமல் சொன்னார்.

இராமையா மட்டையைச் சுண்ணாம்பு வாளிக்குள் போட்டான். காளியாயிதான் கேட்டாள்.

“வாங்கிட்டாருன்னு நீதானேண்ணே சொன்னே?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

அவள் அழவில்லை. மெழுகிய தரையை மிதித்துக்கொண்டே உள்ளே போய்ச் சட்டி பானைகளை எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை மஸ்கெலியாவுக்குப் போனபோது காம்பராவில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது. அழகுமுத்து நல்ல மனுஷர், விரட்டவில்லை. தம் வீட்டுப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். தோட்டத்துக் கணக்கில் பேர் பதியாத வேலை, ஆள் குறைந்த நாளில் கூப்பிட்டால் உண்டு. அதில்தான் ஆறு வருஷம் ஓடியது. செல்லசாமி லீவு கிடைக்கிறபோதெல்லாம் அரிசியும் சீனியும் கட்டிக்கொண்டு போவார். காளியாயி ஒருநாளும் முகம் கோணியதில்லை. காலுக்குத் தண்ணீர், சோற்றுக்குக் கருவாடு, படுக்கப் பாய், எல்லாம் அண்ணனுக்கு முதலில். ஆனால் எதைப் பற்றியும் அவரிடம் கேட்பதை அவர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள். பெரிய பேச்சு ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அவர் உள்ளே வரும்போது அது மழையைப் பற்றிய பேச்சாகிவிடும்.

சண்முகவடிவுக்குப் பதினேழு வயதில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் எந்தத் தோட்டம், என்ன வேலை என்பதெல்லாம் செல்லசாமிக்கு நிச்சயத்துக்குக் கூப்பிட வந்த ஆள் சொல்லித்தான் தெரியும். தாய்மாமனைக் கேட்காமலா பேசி முடித்தீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி கேட்டாள்.

“அண்ணனுக்குப் பங்களாவுல வேலை ஓயாதுங்க, ஆத்தா” என்றாள் காளியாயி. “அவரைப் போயி எதுக்குக் கஷ்டப்படுத்தணும்?”

அவரைப் பாயில் முதலில் உட்காரவைத்தார்கள். முதல் வெற்றிலை அவருக்குத்தான். மாமன் சீர் என்று அவர் கொண்டுபோன சேலையைப் பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். பையனை ஏற இறங்கப் பார்த்தார் செல்லசாமி. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது, விரல்கள் நடுங்கின. குடிக்கிற ஆள் மாதிரி தெரிந்தது. இல்லாமலும் இருக்கலாம். இராமையா எதிரே உட்கார்ந்து தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லலாமா என்று வாய்வரைக்கும் வந்தது.

சம்மதந்தானே என்று கிழவி பொதுவாகச் சபையைப் பார்த்துக் கேட்டாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். செல்லசாமியும் ஆட்டினார்.