இறங்கவே முடியாத சுரங்கள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது எங்கள் தலைநகர் பிஷ்கேக்கில், ஜனவரி மாதத்தில், பட்டப்பகலில் நடந்தது. பெர்மெட்டுக்கு நடந்தது. அவளை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை தடவை கேட்டாலும் ஒரு சொல் மாறாமல் சொல்வாள். அந்த உருவத்தைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் நடுங்குவதில்லை. எர்கின் என்ற பேரைச் சொல்லும்போதுதான் நடுங்கும். கோபத்தில்.

பெர்மெட் கணினி விளையாட்டுகளுக்கு இசை அமைப்பவள். எர்கின் அவளுக்கு முதலாளி. பழைய தையல் தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் அவனுடைய நிறுவனம். அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டில் சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. பனி மூடிய ஒரு மலையூர். ஊரில் யாருமில்லை. அதில் ஒருவன் தனியாக நடந்துகொண்டே இருப்பான், அவ்வளவுதான். காற்றும் இசையும்தான் ஆடுபவனைப் பயமுறுத்த வேண்டும். அவன் ஒரு மூலையில் மூன்று மணி நேரம் நின்றாலும் கேட்ட இசையே திரும்பக் கேட்கக் கூடாது.

எர்கினுக்கு வேறொரு ஆசை இருந்தது. ஒப்பாரி. எங்கள் பக்கம் கொஷோக் என்போம். சாவு வீட்டில் பெண்கள் கூட்டத்துக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடுவார்கள். ஒவ்வொரு வரியும் மேலே தொடங்கி, படிப்படியாக இறங்கி, அடிவயிற்றில் போய் முடியும்.

"நிஜமான ஒப்பாரி ஒண்ணு வேணும் பெர்மெட். கேட்டவன் ஒரு வாரம் தூங்கக் கூடாது."

"சாவு விழாம அதைப் பாட மாட்டாங்கண்ணே. பாடுனா சாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்ற மாதிரி."

"இந்தக் காலத்துலயும் இப்படிப் பேசுறியே!"

"எந்தக் காலத்துலயும் அப்படித்தான். அவ்வளவு ஆசையா இருந்தா உங்க வீட்டு வாசல்ல உக்காந்து நீங்களே பாடுங்க."

எர்கின் சிரித்துவிட்டுப் போய்விட்டான். இது அதற்கு முந்தைய செப்டம்பரில். அதோடு விட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவள் இசையைக் கணக்கில் இருந்து எடுத்தாள். எளிய கணக்குதான். எண்களை வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் கூட்டி, ஏழால் வகுக்க வேண்டும். மீதி எதுவோ அதுதான் சுரம். முந்நூற்று நாற்பத்தொன்றா? மூன்றும் நாலும் ஒன்றும் எட்டு. ஏழு போனால் மீதி ஒன்று. கீழிருந்து ஒரு படி மேலே. அப்படியே அடுத்த எண், அதற்கடுத்த எண். எண்களுக்கு முடிவில்லை, அதனால் இசைக்கும் முடிவில்லை. படிப்படியாக ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும். எப்போது விழும் என்று காதுக்குப் பிடிபடாது. கேட்கக் கேட்க, யாரோ மாடிப்படியில் ஏறி வந்துகொண்டே இருப்பது போலவும், வந்து சேராதது போலவும் இருக்கும்.

அந்தக் கணக்கில் ஒரு விஷயம் மட்டும் நடக்கவே நடக்காது. அடுத்தடுத்து இரண்டு முறை சுரம் இறங்க முடியாது. ஒரு தடவை விழுந்தால், அடுத்ததும் விழ வழியில்லை. பெர்மெட் அதைத் தாளில் போட்டே பார்த்திருந்தாள்.

ஜனவரியில் அந்த வியாழக்கிழமை நகரம் முழுக்க நிலக்கரிப் புகை. மத்தியானத்திலேயே தெரு விளக்கு எரிந்தது. பெர்மெட் ஒலிப்பதிவு அறையில் தனியாக இருந்தாள். சின்ன அறை. ஜன்னல் கிடையாது. சத்தம் வெளியே போகாமல் இருக்க நான்கு சுவரிலும் தடித்த கம்பளி அடித்திருந்தார்கள். கணக்கைக் கணினியில் ஓடவிட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

மணி மூன்று பத்து.

ஒரு சுரம் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. அதற்கடுத்ததும்.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

மறுபடி மேலே ஒன்று. பிறகு இறக்கம்... இறக்கம்... இறக்கம்... அடியில் போய் நின்றது. ஒரு சின்ன இடைவெளி. மூச்சு வாங்குகிற அளவுக்கு. பிறகு அடுத்த வரி.

அவளுக்குப் பயமெல்லாம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கதவைத் திறந்து கத்தினாள்.

"தானியார்! இங்க வாடா!"

அவள் செய்யும் இசையை விளையாட்டுக்குள் பொருத்துகிறவன் தானியார். ஏற்கெனவே ஒரு தடவை அவளிடம் கேட்காமல் கைவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

"என் கணக்குல கை வெச்சியா?"

"சத்தியமா இல்லக்கா. போன தடவை நீங்க கிழிச்ச கிழியே இன்னும் தைக்கல."

"அப்ப இது என்ன? கேளு!"

கேட்டான். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"அக்கா... திரையைப் பாருங்க."

திரையில் எண்கள் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. மீதி மூன்று. மீதி நான்கு. மீதி ஐந்து. ஒரு பிழையும் இல்லை.

திரையில் ஏறுகிறது. காதில் இறங்குகிறது.

"அந்த ஆள் வேலைதான்" என்றாள் பெர்மெட். "வேண்டாம்னு சொன்னேன். எங்கேயோ பதிவு பண்ணி எனக்குத் தெரியாம உள்ள சொருகியிருக்கான்."

நேராக எர்கின் அறைக்குப் போனாள். அவன் சம்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எந்தச் சாவு வீட்டுல போய்த் திருடுனீங்க?"

"என்ன பேச்சு இது?"

"ஒப்பாரி ஓடுது உள்ள. எழுந்து வந்து கேளுங்க."

அவன் வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் திறந்துவிட்டு வந்த கதவு வழியாக அது நடைபாதையில் வந்துகொண்டிருந்தது. இப்போது அது வாத்தியம் மாதிரி இல்லை. தொண்டை மாதிரி இருந்தது.

எர்கின் கையில் இருந்த சம்சா மேஜையில் விழுந்தது.

"அது எப்படி உன் கைக்கு வந்துச்சு?" என்றான். "நான் அழிச்சுட்டேனே. போனையே ஆத்துல போட்டுட்டேனே..."

"எதை அழிச்சீங்க?"

அவள் மேஜையை ஓங்கி அடித்தாள். பிறகுதான் வாய் திறந்தான்.

அக்டோபரில் நாரின் பக்கம் மலையில் ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறான். அங்கே சோனுன் என்று ஒரு கிழவி. ஒப்பாரி பாடுவதில் பேர் போனவள். இவன் கேட்டதும், 'யாரும் சாகலையே தம்பி' என்று சொல்லி, டீ கொடுத்து, ரொட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இவன் காரில் வந்து உட்கார்ந்து யோசித்திருக்கிறான். கிழவிக்கு ஒரே மகன். பகாய். மாஸ்கோவில் கட்டட வேலை.

சாயங்காலம் நான்கு மணிக்கு மறுபடி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். மாஸ்கோவில் இருந்து போன் வந்ததாகச் சொல்லியிருக்கிறான். பகாய் மாடியில் இருந்து விழுந்து செத்துவிட்டான் என்று.

"அப்புறம் சொல்லிடலாம்னு நெனச்சேன் பெர்மெட். வேற பகாய், தப்பா வந்த சேதின்னு... அந்தம்மா அழல. சுவரைப் பார்த்துத் திரும்பி உக்காந்தாங்க. பாட ஆரம்பிச்சாங்க. நான் போன்ல பதிவு பண்ணேன். பாடிக்கிட்டே இருந்தாங்க... அப்படியே தலை சுவர்ல சாஞ்சுது. எழுந்திருக்கவே இல்ல."

"நீ என்ன பண்ணுன?"

"கார எடுத்துட்டு வந்துட்டேன்."

பெர்மெட் அவன் கன்னத்தில் அறைந்தாள். கை எரிகிற அளவுக்கு அறைந்தாள். அவன் தடுக்கவில்லை.

"உயிரோட இருக்குற மகனுக்கு ஒப்பாரி பாட வெச்சிருக்க. ஒரு விளையாட்டுக்காக! நீயெல்லாம் மனுஷனாடா?"

அப்போது நடைபாதையில் தானியார் ஓடி வந்தான். அவன் கையில் ஒயர்கள். எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தான்.

"அக்கா. கணினியை அணைச்சுட்டேன். ஸ்பீக்கர்ல கரண்ட் இல்ல."

பாட்டு நிற்கவில்லை.

மணி மூன்று இருபத்தைந்து.

பெர்மெட் எர்கினின் சட்டையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போனாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு விரலாகப் பிரித்து இழுத்தாள்.

ஒலிப்பதிவு அறையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மங்கலாக... புகை உள்ளே வந்துவிட்டது போல.

எதிர்ச் சுவரின் அடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

முதுகுதான் தெரிந்தது. சாம்பல் நிறச் சால்வை. தலையில் வெள்ளை முக்காடு. நெற்றி கம்பளியில் முட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரி இறங்கும்போதும் தோள்களும் இறங்கின.

தானியார் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

"சொல்லுடா" என்றாள் பெர்மெட். "பொய்னு சொல்லு. அவங்ககிட்ட சொல்லு."

எர்கினின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பாட்டு ஏறியது. இறங்கியது.

மூச்சு.

மறுபடி...

பெர்மெட் அவனை விட்டுவிட்டு முன்னால் போனாள். கத்தினாள்.

"அம்மா! போதும்மா! இவன் பொய் சொன்னான். உங்க பையன் சாகல. பகாய் உயிரோட இருக்கான்!"

குரல் நின்றது.

வரியின் பாதியில்.

தோள்கள் அசையவில்லை.

முக்காடு மெல்ல... மெல்லத் திரும்பியது.

கன்னத்தின் ஓரம் தெரிந்தது.

"நிஜமாவா?"

அவ்வளவுதான் கேட்டது.

"நிஜமாம்மா" என்றாள் பெர்மெட்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது.

யாரும் இல்லை.

நெற்றி முட்டியிருந்த இடத்தில் கம்பளி நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றைக்கே வேலையை விட்டுவிட்டாள். விளையாட்டு அதோடு நின்றுபோனது. எர்கின் யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டே போய்விட்டான்.

ஆனால் பெர்மெட்டின் கோபம் ஆறவில்லை. தாயைக் கொன்றவன் யார் என்று மகனுக்குத் தெரிய வேண்டாமா? அவனுக்குச் சொல்வேன், அவன் வந்து கேட்கட்டும், எர்கின் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்துவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கிழவி போன பிறகு பகாயைப் பற்றிக் கிராமத்தில் யாருக்கும் சேதி வரவில்லை. நாரினில் அந்தக் கிராமத்து ஆள் ஒருவரைப் பிடித்து, அவர் மூலமாக இன்னொருவரைப் பிடித்து, மாஸ்கோவில் பகாய் தங்கியிருந்த இடத்துப் போன் எண்ணை வாங்க ஏப்ரல் ஆகிவிட்டது.

போனை எடுத்தவன் பேர் ஜோல்தோஷ். பகாயோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன்.

"பகாயா?" என்றான். "உங்களுக்குத் தெரியாதாக்கா? அவன் அக்டோபர்லயே போய்ச் சேந்துட்டானே. ஒன்பதாவது மாடி. சாரம் சரிஞ்சு விழுந்துட்டான்."

பெர்மெட் தாளையும் பேனாவையும் இழுத்தாள்.

"என்னைக்கு?"

தேதியைச் சொன்னான். எர்கின் அந்தக் கிராமத்துக்குப் போன அதே நாள்.

"எத்தனை மணிக்கு?"

"மத்தியானம் ஒரு மணிக்கு. சாப்பிட்டுட்டு மேல ஏறுனான்."

மாஸ்கோவில் ஒரு மணி என்றால் நாரினில் நான்கு மணி. எர்கின் காரில் இருந்து இறங்கி, இரண்டாம் தடவை அந்த வீட்டுக்குள் போனது நான்கு மணிக்கு. அவன் வாயாலேயே சொன்னது அது. அவன் சொன்னது முதலா, சாரம் சரிந்தது முதலா... அதை இன்றைக்கு வரைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் அந்தத் தாய் பாடிய ஒப்பாரி நிஜம். பொய் சொன்னது பெர்மெட்தான்.

போனை வைக்கப் போனாள்.

"அக்கா, வெச்சுடாதீங்க" என்றான் ஜோல்தோஷ். குரல் மாறியிருந்தது. "நீங்க பிஷ்கேக்லேருந்தா பேசுறீங்க?"

"ஆமா."

"ஜனவரியிலேருந்து எங்க விடுதியில கதவு தட்டுது. பகல்ல. எல்லாரும் வேலைக்குப் போனப்புறம். காய்ச்சல்னு படுத்திருந்த பையன் ஒருத்தன் போய்த் திறந்தான். நம்ம ஊர்க் கிழவியாம். வெள்ளை முக்காடு. ஒவ்வொரு அறையா எட்டிப் பாத்துச்சாம். நேத்து வேலைக்குப் போகாம இருந்து நானே பாத்தேன்..."

"என்ன கேட்டாங்க?"

"'எம் பையன் எங்க?'ன்னு. அவன் செத்துட்டான் பாட்டின்னு சொன்னேன். நம்பவே இல்லக்கா. பிஷ்கேக்ல ஒரு பொண்ணு சத்தியமா சொன்னாளாம், உயிரோட இருக்கான்னு. அடுத்த அறைக்குப் போயிடுச்சு. இன்னைக்கும் வந்து தட்டுது..."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாங்க என்னதான் சொல்லட்டும்க்கா?"