மக்டலீன் அக்காவின் நாற்பது நாள் மீன் பணிஸ்

எங்கள் அடுக்குமாடிகளில் மக்டலீன் அக்காவைத் தெரியாத ஆள் இல்லை. மன்னார்க்காரி. ஐம்பத்தெட்டு வயது. புருஷன் செத்துப்போனார். இருபது வருசமாக ஸ்டுட்கார்ட் மேட்டுப்பக்கத்துப் பணக்கார வீடுகளைத் துடைக்கிறார். நான் கீழே, பஸ் தரிப்பிடத்துக் கடையில் கோழியும் மீனும் பொரிக்கிறவன்.

மேட்டில் ஒரு பொரியல் கடைகூட இல்லை. ஒருக்கால் ஒரு பேர்கர் கடை வரப் பார்த்தது. அங்கத்தைய சனம் கையெழுத்து வைத்து மறித்துப்போட்டுது. அவைக்குச் சனிக்கிழமையில் மரக்கறிச் சந்தை. எங்கள் பக்கம் ஐந்து பொரியல் கடை. எங்களிட்டை ஆரும் கேட்கவில்லை. இங்கே இருக்கிறது தமிழர், எரித்திரியர், துருக்கியர், பென்சன் காசு காணாத ஜெர்மன் கிழடுகள். இருந்த ஒரு சுப்பர்மார்க்கெட்டையும் போன வருசம் பூட்டிவிட்டார்கள். அந்த இடத்தில்தான் ஐந்தாவது கடை.

"அவையின்ரை பிரிட்ஜைத் துடைக்கிறது ஒரு தோட்டத்தைத் துடைக்கிற மாதிரியடா தம்பி" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அவருக்குச் சலரோகம், சீனி வருத்தம். மாசியில் இடது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. டொக்டர் நேரே சொல்லிவிட்டார்: சீனி இறங்காவிட்டால் விரல் போகும், மரக்கறி சாப்பிடு, பொரியலை விடு. மரக்கறி வாங்க இரண்டு பஸ் மாறவேணும். புண்காலோடு வேலைக்குப் போய் வருவதே பெரிய பாடு.

விரல் தப்பவேணும் என்று அக்கா மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை. வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கினால் எதிரே என் கடை. இறைச்சி இல்லாத சாமான் அங்கே ஒன்றே ஒன்றுதான், பணிஸ் பாணைப் பிளந்து பொரித்த மீன் வைத்த மீன் பணிஸ். கூடவே உருளைக்கிழங்குப் பொரியல்.

"அக்கா, இது முழுக்க எண்ணெய்."

"மீன்தானே. மாதாவுக்குத் தெரியும்."

"மாதாவுக்குத் தெரியும், சீனிக்குத் தெரியுமோ?"

"வாயைப் பொத்திக்கொண்டு பொரி. பெரிய டொக்டர் வந்திட்டார்!"

நான் பொரித்தேன். என்னிடம் கார் இருக்கு. கிழமைக்கு ஒருக்கால் ஏற்றிக்கொண்டு போய் மரக்கறி வாங்கிக் குடுத்திருக்கலாம். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அலுப்பு, வேறொன்றுமில்லை.

பெரிய வெள்ளியன்று அக்கா வரவில்லை. மகள் அஞ்சலாதான் வந்தாள். "அம்மாக்கு ரெண்டு விரல் எடுத்திட்டினம் அங்கிள்" என்றாள். ஒன்றுக்கு நேர்ந்தார், இரண்டு போச்சு.

மூன்று கிழமை கழித்து ஊன்றுகோலோடு வந்தார். மேட்டு வீட்டு அம்மா பூங்கொத்து அனுப்பினாவாம். வேலைக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டாவாம்.

நான் ஏப்ரனைக் கழற்றினேன். "காரிலை ஏறுங்கோ அக்கா. மரக்கறி வாங்கிக்கொண்டு வருவம்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"இப்பவோ?" என்றார். "காலமை துவக்கம் ஒண்டும் தின்னேல்லையடா. இனி ஏறி இறங்க ஏலாது. ஒரு மீன் பணிஸ் போடு."

ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டு, மீனை எண்ணெய்க்குள் இறக்கினேன்.